இரத்தத்தில் உப்புக் குறைந்தால்



சித்திரை மாதத்து மதுரை வெயிலை நீங்கள் அறிவீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு நாளில், மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மூதாட்டி ஒருவரை மதி மயங்கிய நிலையில் அழைத்து வந்தனர். இரத்த அழுத்தத்திற்காக, நீர் பிரியச் செய்யும் மாத்திரை உண்டு வந்தவர், வெயிலுக்கு அஞ்சி ஓயாது தண்ணீர் பருகியவர், உணவோ வெறுங்கஞ்சி. பெற்ற மகனையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம், அவர் இரத்தத்தில் 108 ஆக இறங்கியிருந்தது.

"உப்புக் குறைந்ததென்றால் ஏற்றிவிட வேண்டியதுதானே, ஐயா?" என்றார் மகன்.

"ஏற்றுவோம், தம்பி, ஆனால் மெல்ல," என்றேன்.

காரணம் இதுதான். இரத்தத்தில் சோடியம் குறைந்தால் நீர் உயிரணுக்களுக்குள் புகுகிறது. மண்டையோட்டுக்குள் அடைபட்ட மூளைக்கு வீங்க இடமேது? ஆகவே அது இரண்டொரு நாளில் தன்னிடமுள்ள உப்புகளையும் பிற கரைபொருள்களையும் வெளியேற்றி, வீக்கத்தைத் தணித்துக் கொள்கிறது. அவ்வாறு பழகிவிட்ட மூளைக்குத் திடீரென உப்பை ஏற்றினால், நீர் வெளியே இழுக்கப்பட்டு நரம்பிழைகளின் உறை சிதைகிறது. 1959-இல் ஆடம்ஸ், விக்டர், மான்கால் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் இச்சிதைவை விவரித்தனர். அவசர வைத்தியமும் அதற்கு ஒரு காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று. நோயாளி கண் விழிப்பார், வீட்டார் மகிழ்வர். சில நாள் கழித்துப் பேச்சுக் குழறும், விழுங்க இயலாது, கைகால் சோரும்!

வலிப்பு வந்தவருக்கு மட்டும் தாமதம் ஆகாது. நூற்றுக்கு மூன்று பங்கு உப்புள்ள நீரை 100 அல்லது 150 மில்லி லிட்டர் உடனே செலுத்த வேண்டும். நாலைந்து புள்ளி உயர்ந்தாலே மூளை வீக்கம் தணியும்.

எங்கள் மூதாட்டிக்கு வலிப்பில்லை. மாத்திரையை நிறுத்தி, சாதாரண உப்புநீரை மெதுவாக ஏற்றினோம். ஒரு நாளில் எட்டுக்கு மேல் உயரலாகாது என்பது எங்கள் வரம்பு. நள்ளிரவில் சிறுநீர் பெருகத் தொடங்கிற்று. சிறுநீரகம் மிகை நீரைத் தானே கழித்துவிட்டால் சோடியம் தாவி ஏறிவிடும். சோதித்தோம், பத்து மணி நேரத்தில் ஏழு ஏறியிருந்தது! உடனே உப்புநீரை நிறுத்தி, உப்பில்லாத குளுக்கோஸ் நீரை ஏற்றினோம். "உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் ஏற்றுகிறாரே!" என்று மகன் திகைத்ததில் வியப்பில்லை. மறுநாட் காலை 116.

நான்காம் நாள் அவர் மகனைப் பெயர் சொல்லி அழைத்தார். ஆயினும் பத்து நாள் வரை பேச்சையும் நடையையும் கவனித்த பின்பே ஊருக்கு அனுப்பினோம்.