ஒரே மூச்சில் எண்ணச் சொல்வது ஏன்?

கால் இரண்டும் விழுந்துவிட்டது என்று ஆம்புலன்ஸில் கொண்டுவரப்பட்டவரிடம் நரம்பியல் மருத்துவர், "நல்லா மூச்சை இழுத்துட்டு, நிறுத்தாம ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்க" என்பார். காலைப் பார்க்கச் சொன்னால் வாய்ப்பாடு கேட்கிறாரே என்று கூட வந்தவர்களுக்கு எரிச்சல் வரும். நோயாளி பதினைந்தைத் தாண்ட முடியாமல் திணறினால், தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை காலியாக இருக்கிறதா என்றுதான் மருத்துவர் அடுத்து விசாரிப்பார். தலையணையிலிருந்து தலையைத் தூக்கவும் சொல்வார். கழுத்துத் தசைகள் தளர்ந்தால், மூச்சை இழுத்துவிடும் உதரவிதானமும் தளர்ந்துவருகிறது என்று பொருள்.

கில்லன்-பாரே சிண்ட்ரோம், சுருக்கமாக ஜி.பி.எஸ்., ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த வழியில்தான். கால் செயலிழந்ததால் யாரும் சாவதில்லை. கரோனா காலத்தில் வாங்கிவைத்த ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டி, 97 காட்டுகிறது, பயமில்லை என்று வீட்டில் உட்கார்ந்திருப்பது இந்த நோயில் பெரிய ஆபத்து. நுரையீரலில் கோளாறு ஏதும் இல்லாததால், மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகும் கடைசிக் கட்டம் வரை அந்த எண் இறங்காமல் இருக்கலாம்.

நோய் வரும் விதம் பெரும்பாலும் இப்படி இருக்கும். ஒரு வாரம், இரண்டு வாரம் முன்பு வயிற்றுப்போக்கோ சளிக் காய்ச்சலோ வந்து, அதுபாட்டுக்குப் போயிருக்கும். பிறகு பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல மதமதப்பு, கூடவே முதுகுவலி. மறுநாள் மாடிப்படி ஏற முடியாது, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அடுத்து கை, சிலருக்கு முகத்தின் இரு பக்கமும் தளர்ந்து கண்ணை மூட முடியாமல், விழுங்க முடியாமல் போகும். நம் ஊரில் இந்த நாட்களை வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தும், சத்துக் குறைவு என்று பி-காம்ப்ளக்ஸ் ஊசி போட்டும் கழித்துவிடுகிறார்கள். பக்கவாதமா என்றும் சந்தேகப்படுவார்கள். பக்கவாதம் பொதுவாக ஒரு பக்கத்தைத் திடீரென்று பிடிக்கும். இது இரண்டு பக்கமும் சேர்ந்து, பெரும்பாலும் காலிலிருந்து மேல்நோக்கி, நாள் கணக்கில் ஏறும். முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் துள்ளாது. இரண்டு வாரத்துக்குள், அதிகம் போனால் நான்கு வாரத்துக்குள், ஏறுமுகம் நின்றுவிடும். அதற்குள் ஐந்தில் ஒருவருக்காவது வென்டிலேட்டர் தேவைப்படுகிறது.

இப்படி மேல்நோக்கி ஏறும் வாதத்தை 1859-இலேயே பிரெஞ்சு மருத்துவர் லாண்ட்ரி விவரித்திருந்தார். ஆனால் பெயர் நிலைத்தது 1916-இல். முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர்கள் கில்லனும் பாரேயும், உடலியல் வல்லுநரான ஸ்ட்ரோலும், கைகால் தளர்ந்த இரண்டு படைவீரர்களைப் பரிசோதித்தார்கள். அவர்களில் ஒருவர் முதுகில் மூட்டையை மாட்டும்போது அதன் பாரம் தாங்காமல் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர். இருவரின் தண்டுவட நீரிலும் புரதம் கூடியிருந்தது, வெள்ளணுக்களோ கூடவில்லை. மூளைக்காய்ச்சல் போன்ற தொற்றாக இருந்தால் அணுக்களும் பெருகியிருக்க வேண்டும். இன்றைக்கும் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பது இந்த முரணைத் தேடித்தான். முதல் வாரத்தில் புரதம் கூடாமலும் இருக்கலாம் என்பதால், ரிப்போர்ட் நார்மல் என்று நிம்மதியடைய முடியாது. தசைநார் அனிச்சைகளைக் கருவி வைத்துப் பதிவுசெய்த ஸ்ட்ரோலின் பெயர் மட்டும் எப்படியோ நோயின் பெயரிலிருந்து உதிர்ந்துவிட்டது.

வயிற்றுப்போக்குக்கும் வாதத்துக்கும் என்ன தொடர்பு? ஜி.பி.எஸ்-ஸுக்கு முன்னால் வரும் தொற்றுகளில் அதிகம் அகப்படுவது காம்பைலோபாக்டர் ஜெஜுனி என்ற பாக்டீரியா. கோழிகளின் குடலில் அது சாதாரணமாக வசிக்கும். அதன் மேலுறையில் உள்ள சர்க்கரை மூலக்கூறுகள் சில, நம் நரம்புகளின் மேல் இருக்கும் கேங்லியோசைடு என்ற கொழுப்புப் பொருளை அச்சாக ஒத்திருக்கின்றன. கிருமியை ஒழிக்க உடல் தயாரித்த எதிர்ப்புப் புரதங்கள், கிருமி போன பிறகு அதே சாயலில் இருக்கும் நரம்பைப் பிடித்துக்கொள்கின்றன. சிலருக்கு நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை உரிகிறது. சிலருக்கு உள்ளே ஓடும் இழையே அடிபடுகிறது. வட சீனாவின் கிராமங்களில் கோடைதோறும் குழந்தைகளைத் தாக்கிய வாதத்தை 1990-களில் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோதுதான் இந்த இரண்டாவது வகை தெளிவாயிற்று. உறை வாரங்களிலோ மாதங்களிலோ திரும்ப வளரும். இழை அறுந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2025 ஜனவரியில் புணே நகரின் சின்ஹகட் சாலைப் பகுதியில் அடுத்தடுத்து பலர் கைகால் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர், இருவருக்கு வரும் நோய் அங்கே சில வாரங்களில் சந்தேக நோயாளிகளையும் சேர்த்து இருநூறைத் தாண்டியது. பலரின் மாதிரிகளில் காம்பைலோபாக்டர் இருந்தது. சந்தேகம் குடிநீர் மேல் விழுந்தது. இந்தக் கிருமி ஒன்றும் வலுவானதல்ல. தண்ணீரைக் கொதிக்கவைத்தாலே, கறியை நன்றாக வேகவைத்தாலே செத்துவிடும். நம் சமையலறையில் குழம்புக்குள் போகும் கோழி பிரச்சினையே இல்லை. குழாயடியில் மஞ்சள் போட்டு அலசும்போது தெறிக்கும் தண்ணீரும், கோழி வெட்டிய பலகையிலேயே அடுத்து நறுக்கும் வெள்ளரிக்காயும்தான் பிரச்சினை. அதற்காகப் பயந்து நடுங்க வேண்டியதும் இல்லை. இந்தக் கிருமி தொற்றிய ஆயிரம் பேரில் ஒருவருக்கு ஜி.பி.எஸ். வந்தாலே அதிகம்.

தடுப்பூசியால் வருமா என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. 1976-இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்கென்று நாலரைக் கோடி பேருக்கு ஊசி போட்டபோது, லட்சத்துக்கு ஒருவர் வீதம் கூடுதலாக ஜி.பி.எஸ். வந்தது, திட்டமே நிறுத்தப்பட்டது. அதன்பின் வந்த ஃப்ளூ ஊசிகளில் அந்த அபாயம் பத்து லட்சத்துக்கு ஓரிருவர் என்ற அளவில்தான். ஃப்ளூ காய்ச்சலே ஜி.பி.எஸ்-ஸைக் கொண்டுவரும் வாய்ப்பு அதைவிட அதிகம்.

சிகிச்சை இரண்டு உண்டு. பிளாஸ்மா மாற்றம் என்பது ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்து, தாக்கும் புரதங்களை வெளியேற்றுவது. இரண்டு வாரத்தில் நான்கைந்து முறை செய்வார்கள். மற்றது இம்யூனோகுளோபுலின்: ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதத்தை ஐந்து நாள் சொட்டுசொட்டாக ஏற்றுவது. 1992-இல் வெளியான டச்சு ஆய்வு அது பிளாஸ்மா மாற்றத்துக்குச் சளைத்ததல்ல என்று காட்டியது. எந்த ஒன்றானாலும் போதும். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்வதால் கூடுதல் பலன் இல்லை. நோய் எதிர்ப்புக் கோளாறு என்றால் ஸ்டீராய்டு என்று கை தானாகப் போகும். இங்கே அது உதவாது என்பது சோதனைகளில் உறுதியாகிவிட்டது. வெளியூர் மருத்துவமனையில் யாராவது ஸ்டீராய்டு மட்டும் போட்டு நாளைக் கடத்தினால், ஏன் என்று கேட்பதில் தவறில்லை.

பெரும்பாலானவர்கள் எழுந்து நடக்கிறார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்தும் துணையில்லாமல் நடக்க முடியாதவர்கள் ஐந்தில் ஒருவர். நடந்தவர்களையும் அசதி வருடக்கணக்கில் விடாது. "நல்லாத்தானே இருக்கே, ஏன் சோம்பிக் கிடக்கே?" என்று வீட்டில் கேட்பார்கள். நரம்பு இன்னும் பழுதுபார்ப்பில் இருப்பது வெளியே தெரியாது.

இம்யூனோகுளோபுலின் மருந்தின் விலைதான் மலைக்க வைக்கிறது. எடையில் கிலோவுக்கு 2 கிராம் என்பது அளவு. 60 கிலோ ஆளுக்கு 120 கிராம், அதாவது 5 கிராம் குப்பி இருபத்து நான்கு. தனியார் மருத்துவமனையில் மருந்துக்கு மட்டுமே லட்சங்களில் பில் வரும். டாக்கா மருத்துவர்கள் இதற்கு ஒரு மாற்று தேடினார்கள். இயந்திரம் கிடையாது. நோயாளியின் ரத்தத்தைப் பையில் எடுத்து, கம்பியில் தொங்கவிட்டு, சிவப்பணுக்கள் தானாக அடியில் இறங்கும்வரை காத்திருந்து, மேலே தெளியும் பிளாஸ்மாவை நீக்கிவிட்டு, அணுக்களைத் திருப்பி ஏற்றினார்கள். எட்டு நாளில் எட்டு லிட்டர். இருபது பேரிடம் செய்து பார்த்து, பாதுகாப்பானது, செய்யக்கூடியது என்று 2018-இல் எழுதினார்கள். செலவு 500 டாலர் அளவில். இம்யூனோகுளோபுலினுக்கு அங்கே 12,000 டாலருக்கு மேல். பலன் எவ்வளவு என்று சொல்ல இருபது பேர் போதாது. பெரிய சோதனை நடத்தினால்தான் தெரியும். அதை நடத்த டாக்காவை எதிர்பார்த்திருக்காமல், நோயாளிகளுக்குப் பஞ்சமில்லாத நம் மருத்துவக் கல்லூரிகளும் இறங்கலாம்.