கைக்காசு – 17: படி இறங்க முடியாத கடை

மதுரையில் பேரம் பேசுவது காலால். புடவைக் கடையோ பாத்திரக் கடையோ, வாய் பேச வேண்டியதைப் பேசி முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்க வேண்டும். மூன்றாவது படிக்குள் பின்னாலிருந்து குரல் வந்துவிடும். “அக்கா, வாங்கக்கா... எவ்வளவுதான் தருவீங்க, சொல்லுங்க!” எங்கள் அம்மாவுக்கு இது கைவந்த கலை. அம்மாவிடம் தொழில் கற்ற என் அக்கா, ஒரு நகைக்கடையில் ஏறிய படியை இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்த கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

அக்கா திருமங்கலத்தில் இருக்கிறாள். கல்லூரி முடிக்கப் போகும் மகளுக்காக மதுரையில் ஒரு பெரிய கடையில் நகைச் சீட்டுப் போட்டிருந்தாள். மாதம் 10,000 ரூபாய், 11 மாதம். கட்டுகிற பணம் அன்றைய விலைக்குக் கிராமாக வரவு வைக்கப்படும். முடிந்ததும் அந்த எடைக்கு நகை வாங்கினால் சேதாரத்தில் 12 சதவீதம் வரை தள்ளுபடி. கடைசித் தவணையும் கட்டியாயிற்று. “தம்பி, நீயும் வாடா. கணக்கு வழக்கெல்லாம் எழுதுறவன்தான?” என்று கூப்பிட்டாள். போனேன்.

கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டவர் குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டார். கவுண்டரில் இருந்த பையன் கேட்ட முதல் கேள்வி, “சீட்டு இருக்குங்களாக்கா?” என்ன நகை, எத்தனை பவுன் என்பதெல்லாம் அப்புறம். அக்கா பெருமையாகக் கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வியாபாரம் அந்த நொடியிலேயே முடிந்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இரண்டு பவுனில், அதாவது 16 கிராமில், நகாசு வேலை செய்த ஒரு நெக்லஸ் அவளுக்குப் பிடித்துப்போனது. சேதாரம் 19 சதவீதம். “உங்களுக்கு 12 போயிருங்கக்கா, மிச்சம் ஏழுதான்” என்று பையன் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினான். அக்கா முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்கு என்னவோ இடறியது. இன்றைக்கு நாள் சரியில்லை, திங்கட்கிழமை வருகிறோம் என்று சொல்லிக் கிளப்பிக்கொண்டு வந்தேன். நாள் நட்சத்திரத்தால் எனக்கு ஆன ஒரே உபகாரம் அதுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதே கடைக்கு என் மனைவியோடு போனேன். வேறு பையன். “சீட்டு இருக்குங்களா?” “இல்ல தம்பி, ரொக்கம்.” அதே நெக்லஸ், அதே டேக். அதே 19 சதவீதம் சொன்னான். பேசியதில் 16க்கு வந்தான். அதற்குமேல் முடியாது என்று கையை விரித்தான். மனைவி எழுந்தாள். கதவைத் தாண்டி இரண்டாவது படியில் கால் வைத்தபோது மேற்பார்வையாளரே வந்துவிட்டார். “மேடம், மொத நாள் கஸ்டமர் நீங்க. 11 போட்டுத் தர்றோம்.”

திங்கட்கிழமை அக்காவோடு போய், “அந்த 11 சதவீதத்திலிருந்து சீட்டுத் தள்ளுபடியைக் கழித்துக்கொள்ளுங்கள்” என்றேன். “சீட்டுக்குப் பேரம் கிடையாது சார், ரெண்டு ஆஃபரும் சேராது” என்றார் மேலாளர். குரலில் மரியாதைக்குக் குறைச்சலில்லை. ஆனால் எங்களைத் தடுத்து நிறுத்த வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. படி இறங்கினால் கூப்பிட மாட்டார்கள். இறங்கியவர்கள் திரும்பி வந்துதானே ஆக வேண்டும்!

இப்போது கணக்குக்கு வருவோம். சுலபமாக இருக்க, கிராம் விலை 11 மாதமும் அசையாமல் 10,000 ரூபாயிலேயே நின்றது என்று வைத்துக்கொள்கிறேன். அக்காவின் கணக்கில் 11 கிராம் சேர்ந்திருக்கும். தள்ளுபடி அந்த 11 கிராமுக்குத்தான். அதற்கு 7 சதவீதம் சேதாரம். மீதி 5 கிராமுக்கு 19 சதவீதம் முழுசாக உண்டு. இதை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆக சேதாரம் 1.72 கிராம், நகை விலை 1,77,200 ரூபாய், ஜிஎஸ்டி 3 சதவீதம் சேர்த்தால் 1,82,516. அட்டையே இல்லாத என் மனைவிக்கு 16 கிராமுக்கும் 11 சதவீதம். சேதாரம் 1.76 கிராம், வரியோடு சேர்த்து 1,82,928 ரூபாய்.

வித்தியாசம் 412 ரூபாய்.

பதினோரு மாதம் கட்டிய பணத்துக்கு அக்கா பெற்ற பலன் அவ்வளவுதான். அதே பத்தாயிரத்தை மாதாமாதம் வங்கியில் ஆர்.டி. போட்டு, ஆண்டுக்கு 6.5 சதவீத வட்டி என்று வைத்தால் ஏறத்தாழ 3,500 ரூபாய் வந்திருக்கும். ‘இடையில் தங்கம் விலை ஏறினால் சீட்டுக்காரருக்கு லாபம்தானே?’ என்று கேட்பீர்கள். எடையாக வரவு வைக்கும் சீட்டில் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது தங்கம் கொடுத்தது, கடை கொடுத்ததில்லை. பணமாக வரவு வைக்கும் சீட்டு என்றால் அந்த லாபமும் கிடையாது. விலை ஏற ஏற உங்கள் 1,10,000 ரூபாய்க்குக் கிடைக்கும் தங்கம்தான் குறையும். தன் சீட்டு இவற்றில் எந்த வகை என்று கேட்டுச் சேர்ந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சேதாரம் என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஆசாரி பட்டறையில் உட்கார்ந்து தங்கத்தை உருக்கி, கம்பி இழுத்து, அரம் போட்டு ராவும்போது பொடி சிதறும். அந்த இழப்புக்கு வைத்த பெயர் அது. உண்மையில் அந்தப் பொடி எங்கும் போய்விடுவதில்லை. பட்டறைத் தரையைக் கூட்டிய குப்பையைக்கூட யாரும் சும்மா கொட்டுவதில்லை. பட்டறைகள் இருக்கும் தெருக்களில் சாக்கடை மண்ணைச் சலித்துத் தங்கம் எடுத்துப் பிழைக்கும் குடும்பங்களே உண்டு. இன்று பல நகைகள் இயந்திரத்தில் வார்த்தும் வெட்டியும் வருகின்றன. அவற்றுக்கும் சேதாரம் உண்டு. இல்லாத தங்கத்துக்குத் தங்க விலை கொடுக்கிறோம், அதற்கு வரியும் கட்டுகிறோம். நாளைக்கு அந்த நகையை விற்கப் போனால் சேதாரம் என்று ஒன்று இருந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்லவில்லை. சேதாரத்துக்கு உச்சவரம்பு எதுவும் கிடையாது. தங்கத்தின் தரத்தில் மட்டும் சட்டம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறது. 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க ஹெச்யுஐடி எண் இல்லாத ஹால்மார்க் நகையை விற்கவே கூடாது. அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் நகை எந்த மையத்தில் சோதிக்கப்பட்டது என்பது வரை வந்துவிடும். சந்தேகம் இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் நான்கு நகை வரை 200 ரூபாய்க்குச் சோதித்துக்கொள்ளலாம். ஹால்மார்க் நகையில் தரம் குறைந்திருந்தால், குறைந்த தரத்துக்கான மதிப்பைப்போல இரு மடங்கை இழப்பீடாகக் கேட்க 2018ஆம் ஆண்டு பிஐஎஸ் விதிகளில் இடமிருக்கிறது. 916ல் கால் சதவீதம் குறைந்தால் இத்தனை பாதுகாப்பு. எடையின்மேல் 19 சதவீதத்தை ஏற்றுவது மட்டும் கடைக்காரர் வாய்க்கு வந்தபடி. என்னைக் கேட்டால், சேதார சதவீதத்தை டேக்கிலேயே அச்சிட வேண்டும் என்று ஒரே ஒரு வரி போட்டால் போதும். உச்சவரம்புகூட வேண்டாம். அச்சிட்ட எண்ணுக்கு ஆள் பார்த்து மாறும் பழக்கம் இருக்காது.

போன வாரம் ஏலச்சீட்டைப் பற்றி எழுதியதும் சிலர், ‘நகைச் சீட்டும் அந்தச் சட்டத்தில்தானே வரும்?’ என்று கேட்டிருந்தார்கள். வராது. பெயரில்தான் சீட்டு. 1982ஆம் ஆண்டு சிட் ஃபண்ட்ஸ் சட்டப்படி சீட்டு நடத்துகிறவர் பதிவாளரிடம் அனுமதி வாங்க வேண்டும், பிணை வைக்க வேண்டும், கமிஷனும் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நகைக்கடை சீட்டுக்கு இவை எதுவும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அது நீங்கள் நகைக்குக் கொடுத்து வைத்த முன்பணம், அவ்வளவே.

அது ஏன் 11 மாதம்? பெருந்தன்மையால் 12வது தவணையை விட்டுக்கொடுத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். முன்பு 18 மாதம், 24 மாதம் என்றெல்லாம் சீட்டு ஓடியது. 2014ல் கம்பெனிகள் வைப்புத்தொகை பெறுவது பற்றிய புதிய விதிகள் வந்தன. பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகத் தீர்த்துவிட வேண்டும், தாண்டினால் அது ‘டெபாசிட்’ ஆகிவிடும் என்றது விதி. டெபாசிட் என்றால் ஏகப்பட்ட கட்டுப்பாடு. அதனால் 11 மாதம் வாங்கி, 12வது மாதத்துக்குள் நகையைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். சீட்டு முடிந்ததும் ‘வாங்க மேடம், நியூ கலெக்‌ஷன் வந்திருக்கு’ என்று போன் மேல் போன் வருவதற்கும் காரணம் இந்த 365 நாள்தான்.

கடை நன்றாக ஓடும்வரை இதெல்லாம் பெரிய விஷயமில்லை. ஓடாமல் போனால்? 2017ல் சென்னையின் பழம்பெரும் நகைக்கடை ஒன்று மூடியதையும், 2023ல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கடை ஒன்றின் கிளைகள் வரிசையாகப் பூட்டப்பட்டதையும் படித்திருப்பீர்கள். பூட்டிய ஷட்டருக்கு முன்னால் கையில் அட்டையோடு நின்றவர்களில் பெண்களே அதிகம். வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. நகைச் சீட்டுக்கு ஒரு ரூபாய்க்கும் கிடையாது. கடை திவாலானால் அடமானம் வாங்கிக் கடன் கொடுத்த வங்கி முன்வரிசையில் நிற்கும், நீங்கள் கடைக்கோடியில். தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்தால் சொத்தை முடக்குவார்கள். பணம் கைக்கு வருவதற்குள் எந்தக் கல்யாணத்துக்கு நகை சேர்த்தோமோ, அந்தக் கல்யாணம் முடிந்து பேரப்பிள்ளை பிறந்திருக்கும்.

கடை திறந்தே இருக்கிறது, ஆனால் சொன்ன தள்ளுபடியைத் தரவில்லை என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. ஒன்று மட்டும் வேண்டும். சீட்டில் சேரும்போது கொடுத்த நிபந்தனைத் தாள். ‘ரிசப்ஷன்ல சொன்னாங்க’ என்பது எங்கேயும் செல்லாது.

இவ்வளவையும் அக்காவிடம் சொல்லி முடித்தேன். காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: “எல்லாஞ் சரி. பேங்க்குல போட்டா நடுவுல உடைக்கலாம்ல?” “உடைக்கலாம்க்கா.” “அதான்டா எனக்குப் பயம். மே மாசம் உங்க மாமா வண்டி வாங்கணும்னாரு. பேங்க்குல கெடந்தா குடுத்திருப்பேன். சீட்டுல கெடந்துச்சு, பொழச்சுச்சு.”

என் 412 ரூபாய்க் கணக்கில் இதற்கு இடமே வைக்கவில்லை. யாரும் எடுக்க முடியாதபடி ஒரு பெண் தன் பணத்தைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் பூட்டிவைக்கிறாள். அந்தப் பூட்டுக்கு மூவாயிரம் ரூபாய் வாடகை என்று நினைத்தால், பல வீடுகளில் அது கட்டுப்படியாகிற வாடகைதான். வாடகையே கொடுக்கிறோம் என்பது தெரியாமல் கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன மாதம் அக்கா மறுபடியும் சீட்டில் சேர்ந்துவிட்டாள். இந்த முறை திருமங்கலத்திலேயே ஒரு சின்னக் கடை. எடையா, பணமா என்று கேட்டாளாம். மற்றதை அட்டையின் பின்பக்கம் எழுதி வாங்கியிருக்கிறாள். எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். நீல பால்பாயின்ட் பேனாவில், கோணல்மாணலாக: ‘நகாசு நகைக்கும் மொத்த சேதாரம் 9% மட்டும். கூட வாங்கும் கிராமுக்கும் இதே.’ கீழே முதலாளியின் கையெழுத்து, அதன்மேல் கடை சீல்.

(தொடரும்)