சுழியமும் வெறுமையும்

மழைமானியில் சேர்ந்த நீரைக் காலை 8.30 மணிக்கு அளந்து குறிக்கும் ஊழியர் மூன்று விதமாக எழுதக்கூடும். அளவை 12.4 என்று குறிக்கலாம். மழை பெய்யாதிருந்தால் 0 என்று எழுதலாம். அளக்க இயலாத நாளில் கட்டத்தை வெறுமையாக விடலாம். தாளில் இம்மூன்றும் வெவ்வேறாகத் தெரிகின்றன. கணிப்பொறியினுள்ளும் அவ்வேற்றுமை நிலைக்க வேண்டுமானால் சிறிது கவனம் தேவை.

கணிப்பொறி மொழிகள் பெரும்பாலும் இரு திறத்தன. பைதான் போன்றவற்றில் ஒரு மதிப்பு எண்ணா, எழுத்தா என்பது நிரல் ஓடும்போதுதான் ஆராயப்படும். கூகுள் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கோ' போன்றவற்றிலோ ஒவ்வொரு பெயருக்கும் உரிய வகை முன்னரே உறுதியாகிவிடும்; எண் நிற்க வேண்டிய இடத்தில் எழுத்தை வைத்தால் கம்பைலர் நிரலை ஏற்காது. ஆயினும் வெளியிலிருந்து வரும் செய்தியைக் கம்பைலர் அறியாது. கைப்பேசிப் படிவத்திலிருந்து 'ஜேசன்' வடிவில் வரும் விவரத்தை, அதன் வகை தெரியாதபோது, 'எனி' என்னும் பொதுக் கலத்தில் இட்டு வைப்பர். எம்மதிப்பையும் அதன் வகைக் குறியோடு ஏற்கும் கலம் அது. அதிலிருந்து எண்ணை எடுக்கும்போதுதான் இடர்ப்பாடு தொடங்குகிறது.

"இதனுள் இருப்பது எண்ணே" என்று உறுதி கூறிக் கேட்கலாம். உறுதி பொய்த்தால் நிரல் நின்றுவிடும். மற்றொரு முறையில், மதிப்போடு 'ஆம்' அல்லது 'அன்று' என்னும் விடையும் சேர்ந்து வரும். விடை 'அன்று' எனில் மதிப்பின் இடத்தில் சுழியம் நிற்கும். விடையை ஒதுக்கி மதிப்பை மட்டும் கொள்பவருக்கு, அளக்கப்படாத நாள் மழையற்ற நாளாகிவிடுகிறது! தேர்வுக்கு வராத மாணவனுக்கும் சுழியம் பெற்றவனுக்கும் உள்ள வேற்றுமையை ஆசிரியர்கள் நன்கறிவர். நின்றுபோன நிரலை உடனே கவனிப்பார்கள். பொய்ச் சுழியமோ மாதக் கூட்டுத்தொகையில் ஓசையின்றிக் கலந்துவிடும். ஆதலின் பின்னதே கொடிது.

வகை வகுத்த கட்டமைப்பில் நேராக இறக்கினாலும், செய்தியில் வாராத கட்டத்தில் சுழியமே நிற்கும். அக்கட்டத்தை எண்ணாக அன்றி, எண்ணைக் காட்டும் சுட்டியாக அமைத்தால், வாராதது 'நில்' என்று வெறுமையாகவே இருக்கும்.

பெரிய எண்களில் வேறொரு தொல்லை உண்டு. பொதுக் கலத்தில் இறங்கும் ஜேசன் எண்கள் யாவும் 64 பிட் மிதவைப் புள்ளி எண்களாகின்றன. அவற்றில் 9007199254740992 வரையுள்ள முழு எண்கள் யாவும் பிழையின்றி அடங்கும். அடுத்த எண்ணான 9007199254740993, ஈற்றிலக்கம் 2 ஆக மாறியே திரும்பும். 12 இலக்க ஆதார் எண் இதில் தப்பிவிடும். அவ்வெல்லையைக் கடந்த அடையாள எண்கள் பலவும் தப்பமாட்டா. ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலும் இதே எல்லை இருந்தமையால், 2010இல் ட்விட்டர் நிறுவனம் தன் அடையாள எண்களை எழுத்துச் சரமாகவும் உடன் அனுப்பலாயிற்று. கோ மொழியில் 'யூஸ்நம்பர்' என்னும் ஏற்பாட்டைக் கொண்டால், இலக்கங்கள் வந்தவாறே எழுத்தாக இருக்கும். கணக்கிட வேண்டியபோது மட்டும் அவற்றை எண்ணாக்கிக்கொள்ளலாம்.