எலி கூறும் சாட்சி

புற்றுநோயின் காரணத்தை அறிவதற்காக மனித உடலில் நச்சுப் பொருளைச் செலுத்திச் சோதித்தல் இயலாது. ஆகவே, விஞ்ஞானிகள் எலியையும் சுண்டெலியையும் நாடினர். அவை இரண்டு மூன்று ஆண்டுகளே வாழ்வன. கருவுற்ற மூன்று வாரத்தில் குட்டி ஈனுவன. மனிதனிடம் பல்லாண்டுகள் மறைந்திருந்து தோன்றும் கட்டி, அவற்றிடம் சில மாதங்களிலேயே தோன்றக்கூடும். எனினும், எலியின் கட்டி கூறும் சாட்சியை அப்படியே நம்பிவிடலாமா? மூன்று நிகழ்ச்சிகள் இதற்கு விடை தருகின்றன.

பரிசு பெற்ற பிழை

1907ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டுப் பேராசிரியர் ஜோகன்னஸ் பிபிகர், சில எலிகளின் இரைப்பையில் கட்டிகளையும் அவற்றினுள் நுண்ணிய புழுக்களையும் கண்டார். பின்னர் கோப்பன்ஹேகன் நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளை அறுத்துப் பார்த்தும் அத்தகைய கட்டி அகப்படவில்லை. இறுதியில், ஒரு சர்க்கரை ஆலையின் எலிகளிடம் அப்புழு இருந்தது. அங்கு மலிந்திருந்த கரப்பான் பூச்சிகளே அதனைப் பரப்பின. அப்பூச்சிகளை வேறு எலிகளுக்கு ஊட்டினார், கட்டிகள் தோன்றின. புழுவே புற்றுக்குக் காரணம் என்று 1913இல் வெளியிட்டார். 1926ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1928இல் அவர் மறைந்தார்.

பிழை பின்னரே வெளிப்பட்டது. அவருடைய எலிகள் உண்டது வெள்ளை ரொட்டியும் தண்ணீரும். அவ்வுணவில் வைட்டமின் ஏ இல்லை. அச்சத்துக் குறைந்தால் இரைப்பையின் உட்புறம் தானாகவே தடித்துப் போகும். புழுவின் உறுத்தல் அதனை மிகுதியாக்கும். 1952இல் ஹிச்காக், பெல் என்னும் இருவர் அச்சோதனையை மீண்டும் செய்து, அவை புற்று அல்ல என்று காட்டினர். புழு உள்ள எலிகளுள் சிலவற்றுக்கு நல்லுணவு தந்து ஒப்பிட்டிருந்தால், உண்மை அன்றே விளங்கியிருக்கும்.

தாரும் புகையிலையும்

1915இல் ஜப்பானில் யாமகிவா, இச்சிகாவா ஆகிய இருவர், முயலின் காதில் பல மாதங்கள் நிலக்கரித் தாரைப் பூசிப் புற்றை உண்டாக்கினர். பின்வந்தோர் சுண்டெலியின் தோலிலும் அதனைச் செய்து காட்டினர். தாரில் நூற்றுக்கணக்கான பொருள்கள் உள்ளன; குற்றவாளி எது? லண்டனில் கென்னவேயின் குழுவினர் இரண்டு டன் தார்க்கீலைப் பிரித்துப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் சுண்டெலிகளின் தோலில் பூசிப் பார்த்தனர். 1933இல் பென்சோபைரீன் என்னும் பொருள் அகப்பட்டது. சிகரெட்டுப் புகையிலும் அஃது உண்டு.

1953இல் அமெரிக்காவில் வின்டர், கிரகாம், குரோனிங்கர் ஆகியோர் சிகரெட்டுப் புகையின் தாரைச் சுண்டெலிகளின் முதுகில் பூசினர். நூற்றுக்கு 44 சுண்டெலிகளுக்குத் தோற்புற்று வந்தது. இதற்கு முன்பே, 1950இல், இங்கிலாந்தில் டால், ஹில் ஆகிய இருவர் மருத்துவமனை நோயாளிகளை விசாரித்து, நுரையீரற் புற்றுக்கும் புகைபிடித்தலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியிருந்தனர். எலியின் சாட்சியும் மனிதரின் சாட்சியும் ஒன்றுபட்டமையால் வழக்கு வலுப்பெற்றது.

எலிக்கு மட்டும் உரிய தீங்கு

மூன்றாவது, சாக்கரின் என்னும் செயற்கை இனிப்பின் கதை. 1970களில், அதனை மிகுதியாக உண்ட ஆண் எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் தோன்றின. 1977இல் அமெரிக்கச் சட்டம் அவ்வினிப்புப் பண்டங்களின்மீது எச்சரிக்கை அச்சிடச் செய்தது. நீரிழிவுக்காரர் பலர் கலங்கினர். பின்னாளைய ஆராய்ச்சி காரணத்தைத் தெளிவாக்கியது. எலியின் சிறுநீரில் புரதமும் சுண்ணச் சத்தும் மிகுதி. சாக்கரின் அதிகமாகும்போது அவை நுண்துகள்களாகப் படிந்து பையின் சுவரை அரிக்கின்றன. மனிதனின் சிறுநீரில் அவ்வாறு நிகழ்வதில்லை. 2000ஆம் ஆண்டில் எச்சரிக்கை நீக்கப்பட்டது.

மூன்று நிகழ்ச்சிகளிலும் எலிகளின் உடலில் மாறுதல் உண்டானது உண்மையே. முதலாவதில் காரணம் தவறாக உணரப்பட்டது. மூன்றாவதில் காரணம் மனிதனுக்குப் பொருந்தவில்லை. ஆகவே, "எலிகளுக்குப் புற்று வந்தது" என்னும் செய்தியைப் படிப்போர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். ஊட்டிய அளவு எவ்வளவு? அப்பொருள் ஊட்டப்படாத எலிகளோடு ஒப்பிடப்பட்டதா? அதே வழியில் மனித உடலிலும் தீங்கு நிகழுமா? வகுப்பறையில் மாணவருக்கு இக்கேள்விகளைக் கேட்கக் கற்பித்தால், வீண் அச்சமும் வீண் துணிவும் குறையும்.