தளை தட்டும் எந்திரம்

பொங்கல் மலருக்குக் கவிதை அனுப்ப டிசம்பர் 20 கடைசி நாள் என்று அறிவித்ததிலிருந்து வாசகர் கடிதங்களில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஏஐயிடம் கேட்டு வாங்கிய வெண்பாவை அனுப்பலாமா? அனுப்பலாம், அதைக் குறிப்பிட்டுவிட்டு. அது சரியான வெண்பாதானா? பெரும்பாலும் இல்லை.

தங்கள் எந்திரத்துக்குத் தமிழ் தெரியும் என்கின்றன நிறுவனங்கள். அடுத்து எந்தத் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணிப்பதைத்தான் அவை ‘தெரியும்’ என்கின்றன. சிக்கல் அந்தத் துண்டில் இருக்கிறது.

‘மேகம் கறுத்தது’ என்று எழுதிப் பாருங்கள். மேகம் தேமா, கறுத்/தது கருவிளம். மாமுன் நிரை வந்திருப்பதால் வெண்பாவுக்குப் பொருந்தும். ‘மேகம் கொட்டியது’ என்றால் மாமுன் நேர், தளை தட்டும். பழகிய காதுக்கு உடனே பிடிபடும்.

கணினிக்குள் ‘கறுத்தது’ வேறு மாதிரி போகிறது. நமக்கு 5 எழுத்து. யூனிகோடில் றகரம் தனி, அதன் உகரக் குறி தனி; இப்படி மொத்தம் 8 குறிகள், யூடிஎஃப்-8 முறையில் 24 பைட்டுகள். பல எந்திரங்கள், அடிக்கடி சேர்ந்து வரும் பைட்டுகளை ஒட்டித் துண்டாக்குகின்றன. இதுதான் டோக்கன். எண்ணிப் பார்த்த எழுத்துக்குவியலில் ஆங்கிலமே மிகுதி. அதனால் தமிழ்ச் சொல் அசை பிரியும் இடத்தில் உடைவதில்லை. றகரத்துக்கும் அதன் உகரத்துக்கும் நடுவில்கூட உடையலாம். பிறகு ஒவ்வொரு துண்டும் வெறும் எண். குறிலும் நெடிலும் அதில் இல்லை. கடைசி அடி குறைந்த நான்கடித் தோற்றம் வந்துவிடும், தளை வராது.

அலகிட்டுக் காட்டச் சொன்னால் தவறான அசைப்பிரிப்பையும் தயங்காமல் தருகிறது. என் கவலை இதுதான். யாப்பு பழகும் மாணவர் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டால் காது கெட்டுவிடும்.

வினோத் ராஜனின் ‘அவலோகிதம்’ மென்பொருள் ஊகிப்பதில்லை, யாப்பு விதிப்படி அலகிடுகிறது. எந்திரம் தந்த வரியை அதில் இட்டுப் பார்த்துத் திருத்துங்கள். கணினிக்கு விதியைச் சொல்லிக்கொடுப்பது பழைய வழிதான்: 1959இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் தியோ லூட்ஸ், காஃப்காவின் ‘கோட்டை’ நாவலில் எடுத்த சொற்களை இசட்22 கணினியில் இலக்கண விதிப்படி கோத்து வரிகள் உண்டாக்கினார்.

புதுக்கவிதைக்கு? தளைக் கவலை இல்லை. ஆனால் வாய்ப்பு மிகுந்த சொல்லே முந்துவதால் தேய்ந்த உவமைகள்தான் அதிகம் வரும்.

உரிமை யாருக்கு? கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்கிறது இந்தியப் பதிப்புரிமைச் சட்டம். 1994 திருத்தம் அது, இன்றைய எந்திரங்களை மனத்தில் வைத்து எழுதியதல்ல.

எந்திரம் எழுதியதா என்று கண்டறியும் கருவிகள்? ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது.