செம்மரம்: கோடி தரும் மரமா, குடி கெடுக்கும் மரமா?

'செம்மரம் வைத்தால் கோடி கோடியாகக் கிடைக்குமாமே, எங்கள் கரம்பு நிலத்தில் நடலாமா?' உளுந்தூர்பேட்டைப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி எழும் கேள்வி இது. தாராளமாக நடலாம். ஆனால், இந்த மரத்துக்காகக் கல்வராயன் மலைக் குடும்பங்கள் பட்ட பாட்டையும் தெரிந்துகொண்டு நடுங்கள்.

காட்டு மரத்துக்கு ஏன் கிராக்கி?

செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான். ஆந்திராவின் சேஷாசலம், வெலிகொண்டா மலைகளில் அதிகம். சரளை மண்ணிலும் வறட்சியிலும் மெதுவாக வளர்வதால் கட்டையில் வைரம் பாய்கிறது. சீனாவிலும் ஜப்பானிலும் அதற்குத் தேவை இருக்கிறது. அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் 1995-ல் இம்மரம் சேர்க்கப்பட்டது. காட்டில் வெட்டவும் தடை. தேவை குறையாமல் வரத்து மட்டும் நின்றதால் கள்ளச்சந்தை பெருத்தது.

மலை மக்கள் ஏன் போகிறார்கள்?

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. தலைமுறையாக உழுத நிலத்துக்குப் பட்டா இல்லாத மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் இன்றும் உண்டு. பட்டா இல்லையென்றால் பயிர்க்கடன் கிடைப்பது கஷ்டம். சாமையும் மரவள்ளியும் மழையை நம்பியவை. மழை பொய்த்தால் பிழைப்புத் தேடி மலையிறங்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்துத் தரகர் முன்பணத்தோடு வந்து நிற்கிறார்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை சொன்னது. பிடித்துவைத்துச் சுட்டதாக மனித உரிமை அமைப்புகள் சொல்லின. எப்படியானாலும், உயிரை விட்டது கூலிக்குப் போனவர்கள்தான்.

சந்தனத்திலும் இதே கதை. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் வனத்துறையினரும் காவல்துறையினரும் நுழைந்தார்கள். ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011-ல் 269 அரசு ஊழியர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

சமவெளிக்கும் பங்கு உண்டு

கோமுகி, மணிமுக்தா ஆறுகள் பிறப்பது கல்வராயன் மலையில். மலை மொட்டையானால் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு வந்து அணையில் வண்டலாகத் தள்ளும். கீழே பாசனம் செய்பவருக்குத் தண்ணீர் குறையும். மலைக்காரர் மரத்தைக் காத்து நிம்மதியாகப் பிழைப்பது நமக்கும் லாபம்தான்.

நடுவதற்கு முன்

* 2002-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பட்டா நிலத்துச் சந்தனம் நில உரிமையாளருக்கே சொந்தம். விற்பனை மட்டும் வனத்துறை மூலம்.

* செம்மரம், சந்தனம் எதை நட்டாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் பதிவு செய்யுங்கள். நாளைக்கு 'காட்டு மரம்' என்று யாரும் சொல்லாமல் இருக்க அதுதான் சாட்சி.

* அனுமதி இல்லாமல் வெட்டவோ வண்டியில் ஏற்றவோ கூடாது. வனச்சரக அலுவலகத்தில் முதலிலேயே விசாரியுங்கள்.

* செம்மரத்தில் வைரக்கட்டைக்குத்தான் விலை. அதற்கு 20 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். 'நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்று கன்று விற்பவர் பேச்சை நம்பி மொத்த நிலத்தையும் ஒதுக்காதீர்கள். வரப்போரம் சில மரங்கள் போதும். கைச்செலவுக்குச் சில ஆண்டுகளில் வெட்டும் சவுக்கு இருக்கட்டும்.

மலை வாசகர்களுக்கு

2006 வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் உழுதுவரும் பழங்குடிக் குடும்பம், 4 ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். கடுக்காய், தேன், புளி சேகரித்து விற்கவும் உரிமை உண்டு. மனுவைக் கிராம சபையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். உழும் நிலம் உங்கள் பெயரில் இருந்தால், முன்பணத்தோடு வரும் தரகரிடம் 'வேண்டாம்' என்று சொல்லத் தெம்பு வரும்.