கோப்பை திருப்பூரில், மைதானம் சேலத்தில்

தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கிரிக்கெட்டில் ஊர் மாறி வந்து புதிதாகத் தொடங்கிய அணிகளில், திருப்பூர் தமிழன்ஸையும் சேலம் ஸ்பார்ட்டன்ஸையும் சேர்த்து வைத்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. இரண்டு ஊர்களும் தறியாலும் நூலாலும் வளர்ந்தவை. காரைக்குடி காளை என்ற பெயரில் ஆடிய அணி திருப்பூருக்கு வந்தது. தூத்துக்குடியின் டுட்டி பேட்ரியாட்ஸ் சேலத்துக்குப் போனது. 2020ஆம் ஆண்டுப் போட்டியைக் கொரோனா விழுங்கிவிட, 2021இல் இரண்டும் புதிய பெயர்களுடன் களமிறங்கின. அந்த ஆண்டு எல்லா ஆட்டங்களும் சேப்பாக்கத்திலேயே நடந்ததால், இருவருக்குமே சொந்த ஊர் என்ற சலுகை கிடைக்கவில்லை. புறப்பட்ட இடம் இருவருக்கும் ஒன்றுதான்.

2021 முதல் 2025 வரையிலான ஐந்து பருவங்களில் இரண்டும் எங்கெங்கோ போய்விட்டன. திருப்பூர் 2025இல் கோப்பையை வென்றது. சேலம் இந்த ஐந்தில் ஒருமுறைகூட முதல் நான்கு இடங்களுக்குள் வந்து பிளே ஆஃப் ஆடவில்லை. கடந்தகாலத்தைப் பொறுத்தவரை தீர்ப்பு தெளிவு. எதிர்காலத்தைப் பொறுத்தவரை கணக்கு வேறு, அதை முடிவு செய்யப்போவது மண்தான் என்பதற்கு நிறையச் சான்று உண்டு.

முன்னே இருந்தவர் பின்னே

ஊர் மாறியபோது சேலத்தின் கையில் இருந்த பழைய வரலாறு பெரியது. 2016இல் நடந்த முதல் டி.என்.பி.எல். கோப்பையை வென்றது டுட்டி பேட்ரியாட்ஸ்தான். அடுத்த ஆண்டும் அந்த அணி இறுதி ஆட்டம்வரை சென்று சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸிடம் தோற்றது. காரைக்குடி அணிக்கு அப்படி ஒரு கோப்பை இருந்ததில்லை. பரம்பரைச் சொத்து என்று பார்த்தால் சேலத்தின் பக்கம்தான் கனம்.

சொத்து கைமாறி வந்தாலும், அதை உண்டாக்கிய ஆட்டக்காரர்கள் கூடவே வரவில்லை. அணிகள் டிராஃப்ட் முறையில் வீரர்களைப் பிரித்துக்கொண்ட காலம் முடிந்து, 2023 பிப்ரவரியில் முதல் ஏலம் நடந்தது. சாய் சுதர்சனை லைக்கா கோவை கிங்ஸ் 21.60 லட்சத்துக்கு எடுத்தது அப்போதுதான். ஐ.பி.எல்.லில் அவருக்கு அன்றிருந்த 20 லட்சத்தைவிட அது அதிகம். ஏலம் வந்ததும், எந்த அணியின் பழைய பெருமைக்கும் விலை இல்லாமல் போனது. எல்லோரும் ஒரே சந்தையில் நின்று, கையிருப்பைக் கணக்குப் பார்த்து, வேண்டியவரைக் கூவி எடுக்க வேண்டியதாயிற்று.

திருப்பூர் எழுந்த விதம்

அந்தச் சந்தையைத் திருப்பூர் நன்றாகப் பயன்படுத்தியது. 2024 ஏலத்தில் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் சாய் கிஷோரை 22 லட்சத்துக்கு எடுத்தது. அதுவரை டி.என்.பி.எல். ஏலத்தில் யாருக்கும் அவ்வளவு கொடுக்கப்பட்டதில்லை. அதே ஏலத்தில் வேகப்பந்து வீச்சாளர் நடராஜனும் அணிக்கு வந்தார். தமிழ்நாட்டு ஆடுகளங்களில் நடு ஓவர்களைச் சுழலால் கட்டி வைப்பது, கடைசி ஓவர்களில் யார்க்கர் போடுவது ஆகிய இரண்டு வேலைகளுக்கும் ஆள் கிடைத்தார்கள்.

பலன் உடனே தெரிந்தது. 2024இல் அணி முதன்முறையாகப் பிளே ஆஃப் சென்றது. இரண்டாவது தகுதிச் சுற்றில் திண்டுக்கல் டிராகன்ஸிடம் 108 ரன்னுக்குள் சுருண்டு வெளியேறியது. அந்தத் தோல்வி ஒரு குறையைக் காட்டியது. பந்துவீச்சு தயாராக இருந்தது. மட்டை வரிசைக்கு அழுத்தம் தாங்கும் வலு போதவில்லை.

2025இல் அந்தக் குறையும் தீர்ந்தது. ஏற்கெனவே அணியில் இருந்த இடக்கை விக்கெட் கீப்பர் துஷார் ரஹேஜா அந்தப் பருவத்தில் 488 ரன் குவித்து, எல்லா அணிகளிலும் முதலிடம் பிடித்தார். அமித் சாத்விக் மறுமுனையில் நின்றார். லீக் சுற்றில் ஏழு ஆட்டங்களையும் வென்று வந்த சேப்பாக்கத்தை முதல் தகுதிச் சுற்றில் திருப்பூர் வீழ்த்தியது. ஜூலை 6 அன்று திண்டுக்கல் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில், நடப்புச் சாம்பியன் திண்டுக்கல்லை அதன் சொந்த மண்ணிலேயே சந்தித்தது. சாத்விக் 34 பந்தில் 65, ரஹேஜா 46 பந்தில் 77. மொத்தம் 5 விக்கெட்டுக்கு 220. எதிரணி 102இல் முடிந்தது. வெற்றி 118 ரன் வித்தியாசத்தில். முந்தைய ஆண்டு எந்த அணியிடம் நொறுங்கியதோ, அதே அணியிடம் கணக்குத் தீர்க்கப்பட்டது.

சேலத்தின் தேக்கம்

சேலமும் ஏலத்தில் கைகட்டி நிற்கவில்லை. 2025 ஏலத்தில் வேகப்பந்து வீச்சாளர் எம். முகமதுவை 18.40 லட்சத்துக்கு எடுத்தது. அந்த ஏலத்தின் உச்ச விலை அதுதான். ஆனாலும் மேலே வர முடியவில்லை. ஏழே லீக் ஆட்டங்கள் கொண்ட போட்டியில் மூன்று தோல்வி கண்டாலே கதவு பாதி மூடிவிடும். தலைவர்களும் ஆட்ட வரிசையும் பருவத்துக்குப் பருவம் மாறிய அணி, தன் ஆட்டத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே லீக் சுற்று முடிந்துவிடுகிறது. திருப்பூர் ஒரு பருவத்தில் பந்துவீச்சையும் அடுத்த பருவத்தில் மட்டையையும் சரிசெய்தது. சேலம் ஒவ்வொரு ஆண்டும் முதலிலிருந்து தொடங்கியது.

அடுத்த இரண்டு, மூன்று பருவங்களுக்கு மட்டும் கணிப்பதானால், திருப்பூருக்கே வாய்ப்பு அதிகம். ஆனால் ஏலத்தில் கட்டிய அணிக்கு ஓர் இயல்பான பலவீனம் உண்டு. டி.என்.பி.எல். நடக்கும் ஜூன், ஜூலையில்தான் இந்திய அணியின் வெளிநாட்டுப் பயணங்களும் வருகின்றன. 2025இல் சாய் சுதர்சனும் வாஷிங்டன் சுந்தரும் இங்கிலாந்தில் இருந்ததால் அவரவர் அணிகள் அவர்கள் இல்லாமலே ஆட வேண்டியிருந்தது. நன்றாக ஆடும் எந்த வீரரும் இப்படி மேலே போகக்கூடியவரே. போனவரின் இடத்தை நிரப்ப அடுத்த ஏலம்வரை காத்திருப்பதா, ஊரிலிருந்து ஒரு பையனை எடுப்பதா என்பதில்தான் நீண்டகால வேறுபாடு தொடங்குகிறது. ஏலத்தில் எடுப்பது தைத்து முடித்த சரக்கை வாங்குவது போன்றது. நூலிலிருந்து தொடங்குபவருக்குத்தான் அடுத்த ஆர்டரும் நிலைக்கும்.

மண் யாரிடம் இருக்கிறது

சேலத்தின் உண்மையான பலம் புள்ளிப் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. வாழப்பாடி அருகே சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2022 முதல் 2025 வரை ஒவ்வொரு பருவத்திலும் அங்கே டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடந்தன. மேற்கே சின்னப்பம்பட்டியில், அந்த ஊரின் பிள்ளையான நடராஜன் தன் செலவில் அமைத்த மைதானம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது. தறிக் கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, டென்னிஸ் பந்தில் தொடங்கி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர் அவர். அவர் வளர்ந்தபோது அந்த வட்டாரத்தில் இல்லாத வசதி, இன்றைய பிள்ளைகளுக்குக் கால்நடையாகப் போகும் தூரத்தில் இருக்கிறது. அந்த நடராஜன் 2024, 2025இல் ஆடியது திருப்பூருக்கு. ஆட்டக்காரர் திருப்பூரில், அவர் உழுத நிலம் சேலத்தில்.

திருப்பூரின் நிலை இதற்கு நேர் எதிர். 2025 வரை ஒரு டி.என்.பி.எல். ஆட்டமும் திருப்பூரில் நடக்கவில்லை. கோவை, சேலம், திண்டுக்கல், திருநெல்வேலி என்று சுற்றிய போட்டியில், சாம்பியன் அணியின் ஊர் வரைபடத்தில் இல்லை. திருப்பூர் ரசிகருக்கு அருகிலுள்ள களம் கோவையில், சுமார் 50 கிலோமீட்டரில். காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் போய், ஒன்றரை ஷிப்டு முடித்து, இரவு எட்டு மணிக்கு வெளியே வருகிற டைலருக்கும் செக்கிங் பெண்ணுக்கும் வார நாள் ஆட்டம் எட்டாக்கனி. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு, ஞாயிறு ஒருநாள் கிடைத்தால் துணி துவைக்கவும் சந்தைக்குப் போகவும்தான் நேரம். அவர்களுக்கு இந்த அணி தொலைக்காட்சியில் வருகிற அணி, அவ்வளவுதான்.

இதில் பெரிய இழப்பு ரசிகருக்கு அல்ல, பிள்ளைகளுக்கு. 2024–25இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அவ்வளவு பணம் புரளும் ஊரில் காலி இடம் என்றால் அடுத்த ஆண்டு அது குடோனாகவோ, தையல் யூனிட்டாகவோ, தொழிலாளர் விடுதியாகவோ மாறிவிடும். தென் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் எல்லாம் ஒற்றை அறை வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கின்றன. அந்தப் பிள்ளைகள் பந்து அடிப்பது சந்துகளிலும், இன்னும் விற்காத மனைகளிலும்தான். டென்னிஸ் பந்திலிருந்து தோல் பந்துக்கு மாற ஒருவனுக்குப் புல்தரை வேண்டும், வலைப்பயிற்சி வேண்டும், பார்த்துச் சொல்ல ஒரு பயிற்சியாளர் வேண்டும். கூடவே பள்ளிக்கும் களத்துக்கும் இடையே பஸ் மாறாமல் போய்வரும் தூரம் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பதினாறு வயதில் அவன் தையல் யூனிட்டின் பவர் டேபிள் முன்னால் உட்கார்ந்துவிடுகிறான்.

மாவட்ட அணிகளுக்கு இடையே நடக்கும் எஸ்.எஸ். ராஜன் கோப்பை டி20 போட்டி, சென்னைக்கு வெளியே இருக்கும் பையன்களைக் கண்டெடுக்கும் வழிகளில் ஒன்று. 2009இல் உருவான திருப்பூர் மாவட்டம் அந்த வழியில் நிறைய ஆட்களை அனுப்பினால்தான், சட்டையில் இருக்கும் ஊர்ப் பெயருக்குப் பொருள் வரும். அவிநாசியிலோ பல்லடத்திலோ காங்கயத்திலோ பிறந்த ஒருவன் அந்தச் சட்டையைப் போடும் நாள் இன்னும் ஏலக்காரரின் கையில் இருக்கிறது.

சிட்னி காட்டிய வழி

ஊர் மாறிய அணி எப்படி வேர் பிடிக்கிறது என்பதற்கு ஆஸ்திரேலியக் கால்பந்தில் தெளிவான உதாரணம் உண்டு. மெல்போர்னின் தென்பகுதியில் இருந்த சவுத் மெல்போர்ன் அணி 1982இல் சிட்னிக்குக் குடிபெயர்ந்து, சிட்னி ஸ்வான்ஸ் ஆனது. அந்த ஆட்டத்தை அதிகம் ஆடாத நகரம் அது. ஆனாலும் சிட்னி கிரிக்கெட் மைதானம் முதல் ஆண்டே வீடாகக் கிடைத்தது. 2005இல் சாம்பியன் பட்டம் வந்தது. 1933க்குப் பிறகு அந்த அணிக்கு அதுவே முதல் பட்டம். பிறகு உள்ளூர்ப் பிள்ளைகளுக்காகவே ஒரு பயிற்சிப் பள்ளியை அணி தொடங்கியது. ஐசக் ஹீனி, எரோல் கல்டன் போன்ற முன்னணி ஆட்டக்காரர்கள் அதிலிருந்து வந்தவர்கள்.

அங்கே கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கு, அடுத்த ஆண்டு இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் வாய்ப்பு தரப்படுகிறது. தோற்றவர் எழ ஒரு கை கொடுக்கும் ஏற்பாடு. டி.என்.பி.எல். ஏலத்தில் அப்படி ஒரு சலுகை கிடையாது. ஆகவே இங்கே கீழே இருக்கும் அணி எழுவதற்கு நம்பக்கூடிய ஒரே துணை, தன் மாவட்டத்தில் தானே வளர்க்கும் ஆட்கள்தான். அதற்கான இடம் சேலத்திடம் தயாராக இருக்கிறது. அதை அணியோடு இணைக்கும் வேலை மட்டும் பாக்கி.

மாநிலம் முழுவதிலிருந்தும் வீரர்களை எடுக்கும் போட்டியில் சொந்த மைதானம் பெரிய விஷயமில்லை, திருப்பூர் வென்றதே அதற்குச் சாட்சி என்று சொல்பவர்களும் உண்டு. ஒரு கோப்பைக்கு அந்த வாதம் பொருந்தும். ஒரு தலைமுறைக்குப் பொருந்தாது.

இரண்டு அணிகளின் நாளை

திருப்பூருக்கு இப்போது கிடைத்திருப்பது ஒரு வாய்ப்புக் காலம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்ததும், ஏற்றுமதியை நம்பிய ஊர் எவ்வளவு சீக்கிரம் ஆட்டம் காணும் என்பது தெரிந்தது. நெருக்கடி வரும்போது முதலில் தள்ளிப்போடப்படுவது பிள்ளைகளின் மைதானம் போன்ற செலவுதான். இருந்தாலும் பொதுத் தேவைக்காக ஒன்றுகூடுவது இந்த ஊருக்குப் பழக்கமில்லாத வேலை அல்ல. தண்ணீர் இல்லாதபோது காவிரி ஆற்றிலிருந்து குழாய் வழியே கொண்டுவரும் திட்டத்தில் அரசும் தொழில்துறையும் கூட்டுச் சேர்ந்தன. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011இல் சாயப்பட்டறைகள் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டபோது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்து தொழில் மீண்டது. பட்டறைகளுக்காக ஒன்றுகூடிய கைகள் பிள்ளைகளுக்காகவும் ஒன்றுகூடலாம்.

மின்விளக்குடன் ஒரு முழு மைதானம், அதைச் சுற்றி மாவட்டத்தின் நான்கு திசைகளிலும் புல்தரைப் பயிற்சிக் களங்கள், கம்பெனி நேரத்துக்கு ஏற்ப ஞாயிறு லீக் ஆட்டங்கள், ஆண்டுக்கு இரண்டு டி.என்.பி.எல். ஆட்டங்களாவது சொந்த ஊரில். இவை கிடைத்தால் திருப்பூர், கோப்பையும் மண்ணும் சேர்ந்த அணியாகிவிடும்; சேலத்தால் எட்டிப்பிடிக்க முடியாத தூரத்துக்கும் போய்விடும். கிடைக்காவிட்டால், இன்றைய வீரர்கள் வயதாகியோ மேலே போயோ ஏலத்தில் சிதறும்போது, அணி மீண்டும் 2021இல் நின்ற இடத்துக்கே வரும். சேலத்துக்கு நேர்மாறான வேலை: ஐந்தாறு பேரை ஒரே அணியாக மூன்று பருவம் சேர்த்து வைத்து, வாழப்பாடியிலும் சின்னப்பம்பட்டியிலும் உருவாகும் இளைஞர்களுக்கு அணியில் இடம் ஒதுக்க வேண்டும். அருகிலுள்ள பருவங்களுக்குத் திருப்பூர், பத்தாண்டுக் கணக்கில் சேலம் என்பதே இன்றைய நிலவரம். இந்தத் தராசைத் திருப்பூரின் பக்கம் முழுவதுமாகச் சாய்க்க வேண்டிய எடை, ஒரு மைதானம்.